மொய்லா தீதி

பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு முதலில் கிடைத்தது, கடைகளின் குப்பையை அள்ளிப்போக ஏற்பாடு செய்யும் வேலை. இதை வீட்டில் விளக்கிச் சொல்லத் தைரியம் வரவில்லை. "ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்மா. ஃபோன் பேசணும், கடைகளுக்குப் போய்ப் பாக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் ஆபீசுக்கு மூன்று சக்கரச் சைக்கிள் வேன்கள் இரண்டும் ஒரு பழைய டெம்போவும் இருந்தன.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குத் துறைமுக ஆபீசில் மாற்றலாகி நாங்கள் கல்கத்தா வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. டாக்குரியாவில் ரயில்வே கேட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு. நான் சொல்லும் தொண்ணூறுகளின் பின்பாதியில், எனக்குத் தமிழைவிட வங்காளம் சரளமாக வந்தது. கடைக்காரர்களிடம் வங்காளத்திலும் டெம்போ டிரைவரிடம் இந்தியிலும் ஆபீஸ் மேனேஜர்களிடம் ஆங்கிலத்திலும் பேச ஆள் வேண்டும் என்பதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

முதலாளி ஒரு சணல் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். ஆலை மூடிய பிறகு, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தார். அவரை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். தமிழில் எழுதும்போது நாலு அடியாள் வைத்திருப்பவர் மாதிரி தோன்றுகிறது. வங்காளத்தில் அதற்கு அண்ணன் என்று மட்டுமே அர்த்தம். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்போது கடைக்காரர்கள் எல்லோரும் தெருமுனையில் இருந்த கார்ப்பரேஷன் தொட்டியில்தான் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் சண்டைக்கு வர, தினமும் வந்து எடுத்துப்போக ஆள் கிடைத்தால் தேவலை என்று கடைக்காரர்களும் நினைக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் ஒவ்வொரு கடையாகப் போய்ப் பேசி, எந்த நேரத்துக்கு வேன் வந்தால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று முடிவுசெய்ய வேண்டும். இனிப்புக் கடைகளில் உடைந்த மண் குவளைகள், தையல் கடைகளில் வெட்டுத்துணி, ஓட்டல்களில் காய்கறித் தோல், ஆபீஸ்களில் காகிதம். எல்லாம் ரயில் பாதையோரம் எங்கள் தகரக் கொட்டகைக்கு வரும். அங்கே நான்கு பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். காய்கறித் தோல் மாட்டுக் கொட்டில்களுக்கும், காகிதம் பழைய பேப்பர் வியாபாரிக்கும், வெட்டுத்துணி மெஷின் துடைக்க ஹவுராப் பட்டறைகளுக்கும் போகும். எதற்கும் உதவாதது தாப்பா குப்பைமேட்டுக்கு.

நான் பிடித்த முதல் வாடிக்கையாளர் ஓர் இனிப்புக் கடைக்காரர். கடையின் பின்வாசலில் நின்று நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, "படிச்ச பொண்ணா இருக்கே. வேற வேலை கிடைக்கலையா உனக்கு?" என்றார்.

"கிடைக்கலை, காக்கு" என்றேன். காக்கு என்றால் சித்தப்பா.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, நாளையிலேருந்து வண்டி அனுப்பு" என்று சொல்லி, பெரிய சந்தேஷ் இனிப்பு ஒன்றைக் கையில் வைத்தார். எனக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். மொய்லா என்றால் அழுக்கு, குப்பை. தீதி என்றால் அக்கா. கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்துக் கடைகளிலெல்லாம் நான் மொய்லா தீதி ஆகிவிட்டேன். அதில் கேலி இருந்தது, ஆனால் வெறுப்பு இல்லை. எனக்குப் பிடித்தும் இருந்தது.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவரால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு காய்கறி வாங்கப் போயிருந்தேன். எதிர்ச்சாரியிலிருந்து அவர் கையை ஆட்டி, "ஓ மொய்லா தீதி! நேத்து உன் வேன் லேட்டு!" என்று கத்தினார். அம்மாவுக்கு வங்காளம் அரைகுறைதான். ஆனால் மொய்லா என்ற சொல் தெரியும். தினமும் காலையில் கார்ப்பரேஷன் ஆள் விசில் ஊதிக்கொண்டு வந்து கேட்பது அதைத்தானே.

"உன்னைய எதுக்குட்டி அப்படிக் கூப்புடுதாரு?"

சொன்னேன். அம்மா வெண்டைக்காயை ஒவ்வொன்றாக முனை ஒடித்துப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஊருல இருந்து கேக்கவங்கட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். வேலையை விடு என்று சொல்லவில்லை. காலையில் டிபன் கட்டித் தருவதையும் நிறுத்தவில்லை. ஆனால் சாயங்காலம் நான் வந்ததும், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போகச் சொன்னாள். என் துணிகளைத் தனி வாளியில் ஊறவைத்தாள்.

அடுத்த வருஷம் பாலிகஞ்சில் ஒரு நர்ஸிங் ஹோமைப் பிடித்தேன். மூன்று மாடி, சொந்தச் சமையலறை, ஆபீஸ். எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய இடம். சமையலறைக் குப்பையும் காகிதமும்தான் எங்களுடையது, வார்டுகளிலிருந்து வருவதை அவர்களே தனியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது பேச்சு. தாதா சந்தோஷத்தில் எல்லோருக்கும் சிங்காரா, நம் சமோசாதான், வாங்கிக் கொடுத்தார். அந்த இடத்தை நம்பித்தான் டெம்போவுக்கு இன்ஜின் வேலையும் பார்த்தார்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் கொட்டகைக்குப் போனேன். பிரிக்கும் பெண்களில் மூத்தவள் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேனிங் பக்கத்திலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வருபவள். நாங்கள் மாஷி என்று கூப்பிடுவோம். மாஷி என்றால் சித்தி. கணவன் இல்லை. மகன், மருமகள், ஒரு சின்னப் பேத்தி.

"என்ன மாஷி, கையில?"

"ஒண்ணுமில்ல தீதி. ஊசி ஏறிடுச்சு."

தைக்கிற ஊசி என்று நினைத்தேன். மற்றவர்கள் சாக்கைக் காட்டினார்கள். சோறும் வாடிய பூங்கொத்தும் கிடந்த சாக்கில், பஞ்சுக்கு நடுவே, நுனியில் ரத்தம் காய்ந்த ஊசியோடு சிரிஞ்சு. ஒன்றல்ல, பல. அது நர்ஸிங் ஹோமிலிருந்து வந்த சாக்கு. மாஷி கையில் சுற்றியிருந்த கந்தலைத் தாண்டி ஊசி உள்ளங்கையில் ஏறியிருந்தது. ஊசியால் என்னென்ன நோய் வரும் என்று அப்போது பத்திரிகைகளில் நிறைய எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் படித்திருந்தேன். மாஷி படித்ததில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

தாதாவிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். "நீ நர்ஸிங் ஹோம் போ. எந்த நோயாளிக்குப் போட்ட ஊசின்னு கேளு. நான் மாஷியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

நர்ஸிங் ஹோம் மேனேஜர் என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நான் சொல்லி முடித்ததும் நிதானமாகக் கேட்டார்.

"எங்க ஊசிதான்னு எப்படிச் சொல்றீங்க? இந்தத் தெருவுல எத்தனை டாக்டர் கிளினிக் இருக்கு?"

"உங்க சாக்குல இருந்துச்சு சார். உங்க காகிதமும் அதுலயே இருக்கு."

"சாக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கும். விடுங்க. நானே உங்களுக்கு இன்னும் ரெண்டு நர்ஸிங் ஹோம் பிடிச்சுத் தர்றேன். இதைப் பெரிசு பண்ண வேண்டாம்."

டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். மாடிப்படி இறங்கும்போது பாதிப் படியில், "மோளே, நில்லு" என்று ஒரு குரல். வெள்ளைப் புடவையில் நடுவயது சிஸ்டர் ஒருத்தி. கேரளத்துக்காரி. மதுரையில் நர்ஸிங் படித்ததால் அவளுக்கு ஒரு மாதிரியான தமிழ் வரும். நான் வந்துபோகும்போதெல்லாம் தமிழ் கேட்கவே ரெண்டு வார்த்தை பேசுவாள்.

"நான் எல்லாம் கேட்டு. அது எங்க வார்டு ஊசிதான். நேத்து புது ஆயா டிரேயை அப்படியே கிச்சன் சாக்குல தட்டிட்டா. அந்த அம்மாவை நாளைக்குக் காலையில அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா. எனக்கு நாளைக்கு டியூட்டி இல்ல. என் சிநேகிதி அங்க இருக்கா. மஞ்சக்காமாலை ஊசி போடணும், ரத்தம் பாக்கணும். வைகிக்கக் கூடாது, லேட் ஆக்கக் கூடாது."

"மேனேஜருக்குத் தெரிஞ்சா உங்க வேலை?"

"அது நான் நோக்கிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறிப்போனாள்.

தாதா கூட்டிப்போன டாக்டரும் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு அங்கேதான் போகச் சொல்லியிருந்தார். சிஸ்டர் சொன்னபடியே வந்தாள். க்யூவில் எங்களோடு நின்றாள். மாஷியிடம் வங்காளத்தில், பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காதபடி, எல்லாவற்றையும் விளக்கினாள். அன்றைய ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் சில நோய்கள் தாமதமாகத்தான் காட்டும், சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சேர்ந்து இருப்பதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ யாருக்கும் எதுவும் தொற்றாது என்றும் சொன்னார். மாஷி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆபீசுக்குத் திரும்பி தாதாவிடம் மேனேஜர் பேசியதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலேருந்து அந்த இடத்துக்கு வண்டி போகாது" என்றார்.

"தாதா, அது போனா டெம்போவை நிறுத்தணும்."

"நிறுத்துவோம். சைக்கிள் வேன் ரெண்டு இருக்கே. எனக்கு மிதிக்கத் தெரியும்."

அப்போது எனக்கு அதிக வயதோ அந்த வேலையில் அனுபவமோ கிடையாது. என் பேச்சை நம்பி அவ்வளவு பெரிய இடத்தை ஒரே வார்த்தையில் விட்டார். பிறகு எத்தனையோ ஆபீஸ்களில் வேலை பார்த்துவிட்டேன். அப்படி ஒரு முதலாளியை மறுபடி பார்க்கவில்லை. சொன்னபடியே துர்கா பூஜைக் கூட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வேன் மிதித்ததையும் பார்த்தேன்.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. நாங்கள் நோய்க் குப்பை சுமக்கிறவர்கள், எங்கள் வண்டியைக் கடைப்பக்கம் விடக்கூடாது என்று பேச்சு கிளம்பியது. இரண்டு ஓட்டல்கள் எங்களை நிறுத்தின. இனிப்புக் கடைக்காரரும் நிறுத்தப்போகிறார் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பால் சட்டியைக் கிளறினார்.

"நோய்க் குப்பையைச் சுமக்க மாட்டோம்னு சொன்னது நீங்க. சுமக்க வெச்சது அவங்க. அப்புறம் யாரை நிறுத்தணும்?" என்றார். அன்று சாயங்காலமே அந்த ஓட்டல்காரர்களைக் கடைக்கு வரவழைத்து, என்னையும் உட்காரவைத்து, "இந்தப் பொண்ணு சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார். ஒருவர் அங்கேயே மறுபடி எங்களிடம் வர ஒப்புக்கொண்டார். இன்னொருவர் வரவில்லை. ஆனால் அவருக்குப் பதிலாக ஒரு மிட்டாய்க் கடையும் ஒரு மருந்துக் கடையும் வந்தன.

தாதாவும் நானும் பஸ் பிடித்து ஹவுராவுக்குப் போய், பட்டறைக்காரர்கள் போடும் தோல் கையுறைகள் வாங்கி வந்தோம். உலை வேலை செய்யும் ஆண்களின் அளவு. எங்கள் பெண்கள் போட்டுப் பார்த்தபோது, மணிக்கட்டு வரை இன்னொரு கை நுழையும் போல் இருந்தது. எங்கள் வாடிக்கைக்காரத் தையல்காரர் ஒருவர் அவற்றைப் பிரித்து, ஒவ்வொருத்தியின் கையையும் காகிதத்தில் வரைந்து எடுத்து, தடி நூலில் மறுபடி தைத்துத் தந்தார். அவர் மெஷினில் தோல் தைத்ததே அதுதான் முதல் முறையாம். இரண்டு ஊசி ஒடிந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

காத்திருந்த அந்த மாதங்களில் மாஷி ரொம்பப் பேசுவதை விட்டுவிட்டாள். பிரிக்கும்போது பாட்டுப் பாடுகிறவள், பாடவில்லை. வீட்டில் அவள் யாருக்கும் சொல்லவில்லை. பேத்தியைத் தூக்குவதில்லை, தின்னும் பாத்திரத்தைத் தனியாக வைத்திருக்கிறேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

"டாக்டர் சொன்னாரே மாஷி, அப்படியெல்லாம் ஒட்டாதுன்னு."

"டாக்டருக்குப் பேத்தி இருந்தா அவரும் இப்படித்தான் இருப்பாரு."

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் டாக்குரியா முழுக்க முழங்கால் தண்ணீர். தண்டவாளம் மூழ்கி லோக்கல் ரயில்கள் நின்றுவிட்டன. மற்ற மூவரும் பக்கத்தில் இருக்கிறவர்கள், நடந்து போய்விட்டார்கள். மாஷியைத் தனியாக ஸ்டேஷனில் விட மனமில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வரும் வழியெல்லாம், அம்மா என்ன சொல்வாளோ என்றுதான் எனக்குக் கவலை.

அம்மா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் சொல்வதற்கு முன்பே உள்ளே போய் ஒரு துண்டும் தன் பழைய சேலையும் கொண்டுவந்து மாஷியிடம் நீட்டினாள். மாஷி உடை மாற்றிக்கொண்டு வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். அம்மா சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்தபோது, தட்டு வேண்டாம், காகிதத்தில் போட்டுக் கொடுங்கள் என்று மாஷி கையை ஆட்டினாள்.

"என்னட்டி சொல்லுதா? ஏன் தட்டு வேண்டாமாம்?"

மறைக்க முடியாமல் ஊசியைப் பற்றி, காத்திருப்பதைப் பற்றி, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். மாஷிக்கு மொழி புரியாவிட்டாலும் எதைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"சேந்து சாப்பிட்டா ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருல்லா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லிட்டாரும்மா."

"பெறவு என்ன? எந்திரிச்சு உள்ள வரச் சொல்லு."

அப்பா வந்து சாப்பிட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவது வழக்கம். அன்று அப்பா ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா மூன்று எவர்சில்வர் தட்டுகளைக் கூடத்தில் வைத்து, மாஷிக்கு எதிரே தானும் உட்கார்ந்தாள். சோறும் புளிக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும். "காவ், காவ்" என்று தனக்குத் தெரிந்த வங்காளத்தில் சாப்பிடச் சொன்னாள். மாஷி முதல் கவளத்தைக் கையில் எடுத்துவிட்டு, சாப்பிட முடியாமல் அழுதாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை தன் தட்டில் கை வைக்காமல் காத்திருந்தாள். அப்புறம் இருவரும் சாப்பிட்டார்கள். புளிப்பு ஜாஸ்தி என்று மாஷி முகத்தைச் சுளிக்க, அம்மா சிரித்துக்கொண்டே வறுவலை இன்னும் கொஞ்சம் போட்டாள். மாஷி அன்று எங்கள் வீட்டிலேயே தங்கி, மறுநாள் ரயில் ஓட ஆரம்பித்ததும் போனாள்.

அதற்குப் பிறகு என் டிபனோடு இன்னொரு டிபனும் கொட்டகைக்கு வந்தது. என் துணிக்கென்று இருந்த தனி வாளி எப்போது காணாமல் போனது என்று எனக்குத் தெரியாது.

குளிர்காலத்தில் கடைசிப் பரிசோதனை. சிஸ்டர்தான் உள்ளே போய் முடிவை வாங்கி வந்தாள். வராந்தாவில் தூரத்திலிருந்தே கையை அசைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடிவந்தாள். "ஒண்ணும் இல்ல! ஒண்ணும் இல்ல!" என்று தமிழில் சொல்லி, மாஷியின் விழிப்பைப் பார்த்து வங்காளத்துக்கு மாறினாள். மாஷி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பினாள். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் சிஸ்டரையும் என்னையும் அந்த வராந்தாவையும் ஒரு சுற்றுக் கும்பிட்டாள். பிறகு, அடுத்த கேனிங் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பேத்தியைத் தூக்க வேண்டுமாம்.

நர்ஸிங் ஹோமும் ஒரு நாள் திரும்பி வந்தது. அதன் முதலாளி டாக்டரிடம் சிஸ்டரே நேராகப் போய் எல்லாம் சொல்லியிருந்தாள். அவர் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வார்டுகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார். பெரிய பிஸ்கட் டப்பாக்களின் மூடியில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு வார்டிலும் பயன்படுத்திய ஊசிகளைப் போடுவதற்கென்று வைத்தாள். அந்த டப்பாக்கள் எங்கள் சாக்கில் வரவே வராது என்று டாக்டர் எங்கள் அறைக்கே வந்து தாதாவிடம் உறுதி சொன்னார். மாஷியையும் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் தாதா அங்கே வண்டி அனுப்பினார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் குப்பைக்கென்றே தனி வண்டிகள் வந்துவிட்டன. எனக்கும் கல்யாணமாகி, கணவருக்கு அதே ஊரில் வங்கி வேலை என்பதால் கல்கத்தாவிலேயே தங்கினேன். குழந்தை பிறக்கும்வரை தாதாவிடம் வேலை பார்த்தேன்.

சிஸ்டர் ஓய்வுபெற்று ஊருக்குப் புறப்பட்ட நாளில், அவளை வழியனுப்ப அம்மாவும் மாஷியும் நானும் ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கட்டி வந்திருந்தாள். மாஷி தன் வீட்டு மரத்துக் கொய்யாப்பழங்களைக் கொண்டுவந்திருந்தாள். ஜன்னல் வழியாக சிஸ்டர் எங்கள் மூவரின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பேச வந்தது எந்த மொழியில் என்று அவளுக்கே குழம்பிவிட்டது. வண்டி நகர்ந்ததும் கையை விட்டாள்.

திரும்பும்போது கங்கையைப் பார்க்க வேண்டும் என்று மாஷி கேட்டதால் படகுத்துறைக்குப் போய் லாஞ்சில் ஏறினோம். கூட்டம் இல்லை. அம்மாவும் மாஷியும் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேரளம் எவ்வளவு தூரம் என்று மாஷி கேட்டிருக்க வேண்டும். அம்மா கையை நீட்டி நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வங்காளம் அப்போதும் அரைகுறைதான். காற்றில் ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் இருவரையும் பார்த்தபடியே அக்கரை வந்து சேர்ந்தேன்.